கேனைத் திருப்பிப் பாரு தம்பி

தம்பி, 2015 மாடல் ராம் 2500, கம்மின்ஸ் இஞ்சின் வண்டி வாங்கியிருக்கே, ட்ரெய்லர் இழுக்கப் போறே, ரொம்ப சந்தோஷம். வாங்கின கையோட நீ கேட்ட கேள்வியும் நல்ல கேள்விதான். வால்மார்ட்ல சூப்பர் டெக்னு கடையோட சொந்தப் பேர்ல விக்கிற 15டபிள்யூ-40 ஆயில், பக்கத்துலயே இருக்கிற ரோட்டெல்லாவை விட மலிவா இருக்கு. அதைப் போடலாமா, இல்ல உன் கூட்டாளிங்க பயமுறுத்தற மாதிரி இஞ்சின் போயிடுமா?

போடலாம். அதனால இஞ்சின் போகாது. ஆனா இந்தப் பதிலை மட்டும் பிடிச்சுக்கிட்டு கடைக்கு ஓடாதே. ஒரே அலமாரியில, ஒரே பேர்ல, கிட்டத்தட்ட ஒரே நிறக் கேன்ல பல வகை ஆயில் நிக்கும். அதுல உன் வண்டிக்கு ஆகுறது ஒண்ணு ரெண்டுதான். எங்க நர்சரிக்கு மண்ணும் மரமும் இழுக்கிற வண்டிகளுக்கு ஆயில் வாங்கறது என் பொறுப்பு. உங்க மாமா ஸ்பேனர் பிடிப்பார், நான் லேபிள் படிப்பேன், பில்லைப் பத்திரப்படுத்துவேன். அந்தக் கணக்குப்பிள்ளை புத்தியோடதான் இதை எழுதறேன்.

கடைப் பேர் ஆயிலை யார் செய்யறாங்க?

வால்மார்ட் எண்ணெய்க் கிணறு தோண்டறதில்ல. டிராக்டர் சப்ளை கடையில ‘டிராவலர்’னு ஒரு பேர்ல ஆயில் வச்சிருப்பாங்க, அவங்களும் தோண்டறதில்ல. காஸ்ட்கோ விக்கிற கிர்க்லேண்ட் கார் ஆயில், நெப்ராஸ்காவில ஒமாஹாவைச் சேர்ந்த வாரன் டிஸ்ட்ரிப்யூஷன்ங்கிற கம்பெனி கலந்து அடைச்சுக் கொடுக்கிறது. சூப்பர்மார்க்கெட்ல கடைப் பேர் போட்ட துவரம்பருப்பு பாக்கெட் மாதிரிதான். பருப்பு எங்கேயோ விளைஞ்சது, மில்லு யாரோ ஓட்டறாங்க, பை மட்டும் கடையோடது.

இஞ்சின் ஆயிலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். முக்கால் பங்கு அளவுக்கு பேஸ் ஆயில். மிச்சம் அடிட்டிவ். டீசல் ஆயிலுக்கு அந்த மிச்சம்தான் உயிர். எரிபொருள் எரிஞ்சு உண்டாகிற அமிலத்தை முறிக்க ஒண்ணு, கரி ஒண்ணா சேர்ந்து கட்டியாகாம ஆயில்லயே மிதக்க விட ஒண்ணு, உலோகமும் உலோகமும் உரசற இடத்துல படலமா நின்னு காக்கிற துத்தநாகம்-பாஸ்பரஸ் கலவை ஒண்ணு, சூட்டுல ஆயில் தண்ணியா இளகாம பார்த்துக்க ஒண்ணு. இந்த அடிட்டிவ் கலவைகள்ல பெரும்பங்கை உலகத்துல நாலே கம்பெனிங்கதான் செய்யுது: லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஒரோனைட். பெரிய பேர் ஆயிலும் சரி, கடைப் பேர் ஆயிலும் சரி, பெரும்பாலும் இந்த நாலு வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும்.

அதுக்காக எல்லாம் ஒண்ணுதான்னு சொல்ல வரல. ஷெல்லோட ரோட்டெல்லா, செவ்ரானோட டெலோ, மொபிலோட டெல்வாக் இவங்க எல்லாம் இஞ்சின் கம்பெனி ஒவ்வொண்ணுகிட்டயும் தனித்தனியா சோதனை கொடுத்து அங்கீகாரம் வாங்கியிருப்பாங்க. அதுக்குப் பணம் செலவாகும், அந்தப் பணம் கேன் விலையில இருக்கும். விளம்பரச் செலவும் அதே விலையிலதான் இருக்கும். நீ எதுக்குக் கொடுக்கிறேன்னு தெரிஞ்சு கொடுத்தா போதும். இன்னொண்ணு, கடைக்காரங்க ஒப்பந்தத்தை மாத்தினா உள்ள இருக்கிற சரக்கும் மாறும். போன வருஷம் வாங்கின கேன் நல்லா இருந்துச்சுங்கிற ஞாபகத்துல இந்த வருஷம் கண்ணை மூடிக்கிட்டு எடுக்கக் கூடாது.

பின்பக்கம்தான் பேசும்

கேனோட முன்பக்கத்துல லாரி படம் இருக்கும், ‘ஹெவி டியூட்டி’னு பெரிசா இருக்கும். அதை விடு. திருப்பு. வட்டமா ஒரு முத்திரை இருக்கும், அதை டோனட்னு சொல்வாங்க. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது ஏ.பி.ஐ, லைசென்ஸ் கொடுத்த ஆயிலுக்குத்தான் அந்த முத்திரை. வட்டத்தோட மேல்பாதியில ஆயிலோட தர வகுப்பு, நடுவுல 15டபிள்யூ-40ங்கிற மாதிரி கனம்.

தர வகுப்புல ‘எஸ்’னு ஆரம்பிச்சா பெட்ரோல் இஞ்சின். ‘சி’னு ஆரம்பிச்சா டீசல். உனக்கு வேண்டியது சி.கே-4. இது 2016 டிசம்பர்ல வந்தது. அதுக்கு முன்னாடி 2006ல வந்த சி.ஜே-4, 2002ல வந்த சி.ஐ-4, 1998ல வந்த சி.எச்-4 இதெல்லாம் கேட்ட பழைய வண்டிக்கும் சி.கே-4 போடலாம். மேல இருக்கிறது கீழ இருக்கிறதுக்கு ஆகும், கீழ இருக்கிறது மேல ஆகாது. மலிவு ஆயில்ல மாட்டிக்கிறவங்க பாதிப் பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. அலமாரியோட அடித்தட்டுல சி.எச்-4னு மட்டும் போட்ட கேன் இன்னும் மலிவா உட்கார்ந்திருக்கும். பழைய டிராக்டருக்கு அது ஆகலாம், உன் வண்டிக்கு ஆகாது.

ஏன் ஆகாது? 2007க்கு அப்புறம் வந்த டீசல் பிக்கப்ல புகைக்குழாய்ல டி.பி.எஃப்னு ஒரு கரி வடிகட்டி இருக்கு. கரி அதுல சேரும், சூடேத்தி எரிச்சுத் தள்ளிடும். ஆனா ஆயில்ல இருக்கிற உலோக உப்பு எரிஞ்சு சாம்பலாகும் பாரு, அது எரிஞ்சு போகாது, அங்கேயே தங்கும். அதனாலதான் சி.ஜே-4, சி.கே-4 ரெண்டுலயும் சாம்பல் அளவை 1 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டியிருக்காங்க. பழைய வகுப்பு ஆயில்ல அந்தக் கட்டு இல்ல. கேனுக்கு நாலு டாலர் மிச்சம் பிடிச்சு, ஆயிரக்கணக்கில விலை போற வடிகட்டியை அடைச்சு வைக்கிற வேலை உனக்கு எதுக்கு?

எஃப்.ஏ-4னு இன்னொரு வகுப்பு இருக்கு. அதுவும் 2016ல சி.கே-4 கூடவே பிறந்தது. டோனட்ல ஒரு பகுதி மட்டும் நிறம் தீட்டினாப்பல இருக்கும். அது புது ரக பெரிய லாரி இஞ்சின்கள்ல சிலதுக்காக, டீசல் மிச்சமாகணும்னு இளசா செஞ்ச ஆயில். 30 கனத்துல மட்டும்தான் வரும். உன் வண்டி மேனுவல் 10டபிள்யூ-30 போடலாம்னு சொன்னாலும் அது சி.கே-4 வகுப்பு 10டபிள்யூ-30தான், எஃப்.ஏ-4 இல்ல.

டோனட்டே இல்லாம, ‘மீட்ஸ் ஆர் எக்ஸீட்ஸ்’னு மட்டும் ஆங்கிலத்துல எழுதியிருந்தா? அது விக்கிறவர் தன் வாயால சொல்லிக்கிறது. லைசென்ஸ்ங்கிறது ஏ.பி.ஐ சொல்றது. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சந்தேகமா இருந்தா ஏ.பி.ஐயோட இணையதளத்துல லைசென்ஸ் பட்டியல் இருக்கு, ஆயில் பேரைப் போட்டுத் தேடினா வந்துடும். கடையில நின்னுக்கிட்டே போன்ல பார்க்கலாம். பெட்ரோலியம் குவாலிட்டி இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கான்னு ஒரு அமைப்பும் இருக்கு. அவங்க கடை அலமாரியில இருந்தே ஆயில் வாங்கி சோதிச்சு முடிவை வெளியிடறவங்க. அதையும் எட்டிப் பாரு, சில பேர் தெரியாத ஆயில்களோட வண்டவாளம் அங்க தண்டவாளம் ஏறியிருக்கும்.

லேபிள் படிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறாளேன்னு நினைக்காதே. டாலர் ஜெனரல் கடைங்க தங்களோட சொந்தப் பேர்ல கார் ஆயில் வித்தாங்க. அதுல ஒண்ணு 1930க்கு அப்புறம் வந்த பெரும்பாலான கார்களுக்கு ஆகாத வகுப்பு, வேற சிலது 1988க்கு அப்புறம் வந்ததுகளுக்கு ஆகாத வகுப்பு. அது கேன்ல எழுதித்தான் இருந்துச்சு, ஆனா பின்பக்கத்துல, சின்ன எழுத்துல. முன்பக்கம் பார்த்தா மத்த ஆயில் மாதிரியேதான் இருக்கும், மத்த ஆயிலுக்குப் பக்கத்துலயேதான் நிக்கும். பல மாநிலத்துக்காரங்க வழக்குப் போட்டு, கடைசியில 2021ல 2 கோடியே 85 லட்சம் டாலருக்கு சமரசமாச்சு. அது பெட்ரோல் காருக்கான ஆயில்தான், உன் வண்டிக்குச் சம்பந்தமில்ல. ஆனா கடைப் பேர் ஆயில் நல்லதா கெட்டதான்னு மொத்தமா யாராவது தீர்ப்பு சொன்னா நம்பாதேன்னு இதை வச்சே சொல்லிடலாம். ஒரு கடையோடது முழுக்க ஒழுங்கா லைசென்ஸோட இருக்கும், இன்னொரு கடையோடது தாத்தா காலத்து சரக்கா இருக்கும். விலைச் சீட்டு ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது.

ஒரு சின்ன விஷயம். கேன் மூடியைத் திறந்ததும் உள்ள சீல் ஒட்டியிருக்கான்னு பாரு. புது ஆயிலை ஊத்திக்கிட்டு, அதே கேன்ல பழைய கறுப்பு ஆயிலை அடைச்சுக் கடைக்கே திருப்பிக் கொடுத்துட்டுப் போற மகராசன்களும் உண்டு.

உன் வண்டி, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி

உன் மேனுவல்ல எம்.எஸ்-10902ன்னு கிரைஸ்லர் கம்பெனியோட ஒரு எண் இருக்கும். கம்மின்ஸ்காரங்க தங்களுக்குன்னு வச்சிருக்கிற எண் சி.இ.எஸ் 20081. அது சி.ஜே-4 காலத்தோடது. சி.கே-4க்கு இணையான புது எண் சி.இ.எஸ் 20086. இந்த எண்கள்ல எதாவது கடைக் கேனோட பின்பக்கப் பட்டியல்ல இருக்கான்னு தேடு. டோனட்ல சி.கே-4, பட்டியல்ல கம்மின்ஸ் எண், ரெண்டும் இருந்தா கூடையில போடு. அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல.

ஃபோர்டு 6.7 பவர்ஸ்ட்ரோக் வச்சிருக்கிறவங்களுக்கு நான் இவ்வளவு சுலபமா தலையாட்ட மாட்டேன். சி.கே-4 வந்த சமயத்துலயே, சில சி.கே-4 ஆயில்கள் எங்க இஞ்சினுக்குத் தேவையான தேய்மானப் பாதுகாப்பைக் கொடுக்கலன்னு ஃபோர்டு வெளிப்படையா சொல்லிடுச்சு. பிரச்சினை பாஸ்பரஸ்ல. ஒரே ஆயிலை பெட்ரோல் வண்டிக்கும் டீசலுக்கும் சேர்த்து விக்கணும்னு பாஸ்பரஸைக் குறைச்சவங்க இருந்தாங்க. அதுக்காக ஃபோர்டு தனியா டபிள்யூ.எஸ்.எஸ்-எம்2சி171-எஃப்1னு ஒரு எண் கொண்டு வந்துச்சு. படிக்கவே மூச்சு வாங்கும், ஆனா அந்த எண் கேன்ல இருந்தாகணும். கடைப் பேர் ஆயில்ல அது இருந்தா தாராளமா போடலாம். இல்லேன்னா பேர் போன ஆயிலுக்கே போயிடலாம்.

அதை விடப் பழைய ஃபோர்டு, 1994ல இருந்து 2003 வரைக்கும் வந்த 7.3, அதுக்கப்புறம் 2007 வரைக்கும் வந்த 6.0, இதுங்க கதையே வேற. அந்த இஞ்சின்கள்ல ஆயில் உயவு வேலை மட்டும் செய்யறதில்ல, இஞ்செக்டரைத் தள்ளறதே ஆயில் அழுத்தம்தான். ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்துல ஓடி ஓடி ஆயில் சீக்கிரம் இளகிடும். காலையில முதல் ஸ்டார்ட்ல தடுமாறுதுன்னு புலம்பற பழைய 6.0 சொந்தக்காரங்களைக் கேட்டுப் பாரு, ஆயிலைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க. இங்க நான் மலிவு பார்க்க மாட்டேன். நல்ல சிந்தெடிக் 5டபிள்யூ-40 ஊத்தி, சொன்ன மைலுக்கு முன்னாடியே மாத்திடறது நல்லது.

2020ல இருந்து வர்ற சின்ன 3.0 டுராமேக்ஸ் டீசல் இஞ்சினுக்கு டெக்ஸோஸ்-டி முத்திரை போட்ட 0டபிள்யூ-20தான். அதுக்கு 15டபிள்யூ-40 பக்கமே போகக் கூடாது, எந்தப் பேர்ல இருந்தாலும்.

குளிரைப் பத்தியும் சொல்லிடறேன். நீ இருக்கிற தெற்கு டெக்சஸ்ல 15டபிள்யூ-40 வருஷம் முழுக்க ஓடும். வேலை கிடைச்சு மின்னசோட்டா பக்கம் போனா, வெப்பம் மைனஸ் 18 செல்சியஸுக்குக் கீழ போற இடங்கள்ல கம்மின்ஸுக்கே 5டபிள்யூ-40 சிந்தெடிக்தான் சொல்லியிருக்காங்க. சூப்பர் டெக்லயும் அந்த ரகம் இருக்கு.

மிச்சம் எவ்வளவு?

இதைத்தான் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கிறதில்ல. உன் கம்மின்ஸ் 6.7க்கு ஃபில்டரோட சேர்த்து 12 குவார்ட், அதாவது சரியா 3 கேலன், நம்ம ஊர்க் கணக்குல பதினோரு லிட்டர் சொச்சம். ஃபோர்டு 6.7க்கு 13 குவார்ட், பெரிய டுராமேக்ஸுக்கு 10. கேலனுக்கு 5 டாலர் வித்தியாசம்னு வச்சுக்க. ஒரு தடவை மாத்தினா 15 டாலர் மிச்சம். வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னா 30 டாலர்.

30 டாலர். அதுக்கா இத்தனை சண்டை, இத்தனை பயமுறுத்தல்? ஒரு வண்டிக்காரனுக்கு கடைப் பேர் ஆயில் பெரிய சேமிப்பும் இல்ல, பெரிய ஆபத்தும் இல்ல. இதுதான் என் அபிப்பிராயம். ஆனா நாலு பிக்கப் வச்சு வேலை எடுக்கிறவங்களுக்கும், ஒரு தடவைக்கு 10 கேலன் குடிக்கிற பெரிய லாரி ஓட்டறவங்களுக்கும் அந்த 5 டாலர் பெருகிக்கிட்டே போகும். அவங்களுக்கு இது உண்மையான பணம்.

இன்னொரு வேடிக்கை. ரோட்டெல்லா மாதிரி பெரிய பேர் ஆயிலுக்கு அப்பப்போ ரிபேட் வரும். பில்லை அனுப்பினா பணம் திரும்பும். அந்த நேரத்துல இரண்டரை கேலன் கேனா வாங்கினா சில சமயம் கடைப் பேர் ஆயிலை விடக் குறைஞ்சே அமையும். அப்போ அதை வாங்கி வை. ஆயில் கெட்டுப் போற சாமான் இல்ல, மூடின கேன் கராஜ்ல ஒரு வருஷம் தாராளமா இருக்கும். ரிபேட் முடிஞ்சா திரும்பக் கடைப் பேருக்கு வா. நடுவுல ஒரு லிட்டர் குறைஞ்சா வேற கம்பெனி சி.கே-4 ஊத்தறதாலயும் ஒண்ணும் ஆகாது, ஆயில்கள் ஒண்ணோட ஒண்ணு கலக்கும்.

மலிவு ஆயில் போட்டு மிச்சம் பிடிக்கிறவங்க சில பேர் அதே கையோட மாத்த வேண்டிய நாளையும் தள்ளிப் போடறாங்க. அங்கதான் இஞ்சின் அடி வாங்குது. உன் வண்டிக்கு மேனுவல் கடைசி எல்லைன்னு போட்டிருக்கிறது 15,000 மைல், 12 மாசம், 500 மணி நேரம், இதுல எது முதல்ல வருதோ அது. மூணாவதை மறந்துடாதே. ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு ஏ.சி.க்காக நின்ன இடத்துலயே இஞ்சினை ஓட விட்டேன்னா மைல் ஏறாது, மணி ஏறும். பாரம் இழுக்கிற வண்டிக்கு அந்தக் கடைசி எல்லையைத் தொடவே விடக் கூடாதுங்கிறது எங்க வீட்டு வழக்கம். பாதியைத் தாண்டினதும் தேதி குறிச்சிடுவேன்.

டிப்ஸ்டிக்கும் ஃபில்டரும்

ஆயில் மாத்தி ஊர் சுத்திட்டு வந்து பார்த்தா கறுப்பா இருக்குதுன்னு போன் பண்ணாதே. டீசல் இஞ்சின்ல அப்படித்தான் இருக்கும். கரியைத் தன்னோட பிடிச்சு வச்சிருக்கிறதுதான் அந்த ஆயிலோட வேலை. நம்ம ஊர்ப் பட்டறையில விரலுக்கு நடுவுல ஆயிலைத் தேய்ச்சுப் பார்த்து ‘பசை போயிடுச்சு’ன்னு சொல்வாங்களே, அதை வச்சு இந்தக் காலத்து இஞ்சினுக்கு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

நிறத்தை விட்டுட்டு மட்டத்தைப் பாரு. சமதரையில, இஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டு, டிப்ஸ்டிக்கை எடு. மட்டம் குறைஞ்சா ஊத்திக்கலாம், அது சின்ன விஷயம். மட்டம் ஏறியிருந்தாதான் கவலைப்படணும். டி.பி.எஃப்ல சேர்ந்த கரியை எரிக்க சில இஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளயே கொஞ்சம் டீசலைக் கூடுதலா தெளிக்கும். சின்னச் சின்ன தூரமா ஓட்டி அந்த எரிப்பு பாதியில பாதியில நின்னா, அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயிலோட கலக்கும். ஆயில் இளகும், மட்டம் ஏறும். அப்போ எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஆயிலா இருந்தாலும் வடிச்சுடணும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டற வண்டியா இருந்தா, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஹைவேல கொஞ்ச நேரம் ஓட விடு.

ஆயில்ல மிச்சம் பிடிச்சதை ஃபில்டர்ல செலவு பண்ணு. இதுல நான் பிடிவாதக்காரி. கம்மின்ஸுக்கு ஃப்ளீட்கார்டு, ஃபோர்டுக்கு மோட்டார்கிராஃப்ட்னு இஞ்சினோட பிறந்த பேர்களையே வாங்கறேன். ஆயிலுக்கு ஏ.பி.ஐ முத்திரை இருக்கு, வாங்கறவங்க திருப்பிப் பார்த்துடலாம். ஃபில்டருக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. உள்ள காகிதம் எப்படி மடிச்சிருக்கு, வால்வு எப்படி மூடுதுன்னு வெளியில இருந்து தெரியாது.

ஊத்தும்போது மூணு கேனையும் கவிழ்த்துடாதே. 11 குவார்ட் ஊத்தி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, நிறுத்தி, அஞ்சு நிமிஷம் காத்திருந்து பார்த்து, மிச்சத்தைச் சேரு. வடிக்கிறதுக்கு முன்னாடி தட்டோட கொள்ளளவைப் பார்த்துக்க. காருக்கு வாங்கின சின்னத் தட்டுல 12 குவார்ட் பிடிக்காது, டிரைவ்வே முழுக்கக் கோலம் போட்டுடும்.

‘வாரண்டி போயிடும்’

உன் வண்டிக்கு வாரண்டி முடிஞ்சிருக்கும், ஆனா தங்கச்சி வீட்டுக்காரர் புதுசு வாங்கப் போறார், அவருக்காக. சர்வீஸ் கவுண்ட்டர்ல ‘எங்க ஆயிலைப் போடலேன்னா வாரண்டி கிடையாது’ன்னு யாராவது சொன்னா அப்படியே நம்ப வேண்டாம். 1975ல வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம்னு அமெரிக்காவில ஒண்ணு இருக்கு. குறிப்பிட்ட பேர் சாமானைத்தான் போடணும்னு வாரண்டிக்கு நிபந்தனை வைக்க அந்தச் சட்டம் விடாது. அந்தச் சாமானை அவங்களே இலவசமா கொடுத்தாலோ, அரசாங்கத்துல தனியா விலக்கு வாங்கியிருந்தாலோ மட்டும்தான் வைக்கலாம்.

ஆனா பேர் வேற, தரம் வேற. மேனுவல்ல கேட்ட எண் இல்லாத ஆயிலை ஊத்தி, அதனாலதான் இஞ்சின் போச்சுன்னு அவங்க காட்டிட்டா செலவு நம்ம தலையிலதான். அதனால ஆயில் பில், ஃபில்டர் பில் ரெண்டையும் எடுத்து வைங்க. வால்மார்ட் பில்லு வெயில்ல வச்சா எழுத்து மங்கிடும், போன்ல போட்டோ எடுத்துடுங்க. கூடவே கேனோட பின்பக்கத்தையும், அந்த நேரம் மீட்டர்ல இருக்கிற மைலையும் ஒவ்வொரு போட்டோ. வீட்டுல நீங்களே மாத்தினாலும் இது போதுமான ஆதாரம். நாளைக்கு வண்டியை விக்கும்போது இந்த போட்டோக்களைக் காட்டினா வாங்கறவர் பேரம் பேசற சுருதியே மாறும்.

இத்தனை சொல்லியும் உன் கூட்டாளிங்க பேச்சு மனசை அரிச்சுக்கிட்டே இருந்தா, ஆயிலையே சோதனைக்கு அனுப்பிடு. இண்டியானாவில ஃபோர்ட் வேன்ல பிளாக்ஸ்டோன் லேபரட்டரீஸ்னு ஒரு ஆய்வகம் இருக்கு. கேட்டா சின்ன டப்பா அனுப்புவாங்க. வடிக்கும்போது நடு ஓட்டத்துல பிடிச்சு அனுப்பினா அறிக்கை வரும். நம்ம ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிக்கிற அக்கறையோட அதைப் படி. இரும்பு ஏறினா உள்ள தேய்மானம். சிலிக்கான் ஏறினா பெரும்பாலும் காத்து ஃபில்டர் வழியா மண்ணு போகுது. சோடியம், பொட்டாசியம் தலைகாட்டினா கூலண்ட் கசியுதான்னு பார்க்கணும். டீசல் எத்தனை சதவீதம் கலந்திருக்குன்னும் வரும். டி.பி.என்-ங்கிற ஒரு எண்ணைக் கூடுதல் கட்டணத்துக்குக் கேட்டு வாங்கு. ஆயில்ல அமிலத்தை முறிக்கிற சக்தி இன்னும் எவ்வளவு பாக்கின்னு அது சொல்லும். கடைப் பேர் ஆயில்ல ஒரு தடவை, பெரிய பேர் ஆயில்ல ஒரு தடவை, ஒரே மாதிரி வேலையில ஓட்டி அனுப்பி, ரெண்டு அறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வை. ஆனா வாங்கின புதுசுல எடுக்கிற முதல் அறிக்கையை வச்சு எதையும் முடிவு பண்ணாதே, முன்னாடி வச்சிருந்தவர் எப்படி ஓட்டினாரோ அந்தப் பாவமும் அதுல சேர்ந்திருக்கும்.

வடிச்ச ஆயிலை என்ன பண்றதுன்னு நீ கேட்கல, ஆனா கேட்டிருக்கணும். ஒரு தடவை மாத்தின ஆயில் 10 லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுக்க முடியும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் துறையே சொல்லுது, அதுவும் சாதாரணக் கார் அளவை வச்சு. காலி கேன்லயே திரும்ப ஊத்தி மூடி, ஆட்டோஜோனுக்கோ ஓரைலிக்கோ வால்மார்ட் ஆட்டோ கேருக்கோ கொண்டு போனா காசில்லாம எடுத்துக்குவாங்க. ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வடிய விட்டு, பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துட்டுப் போ. ஆயில்ல கூலண்ட்டோ பிரேக் கிளீனரோ சொட்டுக் கூட கலந்துடாம பார்த்துக்க, கலந்தா வாங்க மாட்டாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்க, தொட்டி நிறைஞ்சிருந்தா அன்னைக்கு 3 கேலனையும் வண்டியில வச்சுக்கிட்டுத் திரும்பி வரணும்.